பெரிய இன்டர்கூலர் போட்டால் போதுமா?

டர்போ கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இன்டர்கூலரில் வந்து நிற்கிறது. கம்பெனி கொடுத்தது சின்னது, காசு மிச்சம் பிடிக்கக் கஞ்சத்தனம் பண்ணிவிட்டான். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு பம்பருக்குப் பின்னால் முழு அகலத்துக்கு ஒரு ஃப்ரன்ட் மவுண்ட் மாட்டினால் காற்று குளிரும், காற்று குளிர்ந்தால் பவர் தானாக வரும். சென்சாரா? அது வெறும் பிளக். பழைய இடம் இல்லாமல் போனால் பைப்பில் வசதியான இடத்தில் ஓர் ஓட்டை போட்டுச் செருகிக்கொள்ளலாம், மிச்சத்தை இசியு பார்த்துக்கொள்ளும். இன்று கேரேஜ்களில் இதுதான் வேதவாக்கு. யூடியூபிலும் இதேதான்.

இந்தப் பேச்சில் முதல் பாதி அரை உண்மை, இரண்டாம் பாதி முழுத் தவறு. அந்த ஓட்டையை எங்கே போடுவது என்று முடிவு செய்வதுதான் முதல் வேலை, தலையான வேலை. இன்டர்கூலர் அதற்குப் பிறகு வரட்டும். சில கார்களுக்கு அது தேவையே இல்லை என்று அந்த ஓட்டையில் உட்காரும் சென்சாரே சொல்லிவிடும்.

உண்மையான பாதியை முதலில் ஒத்துக்கொள்கிறேன். காற்றை அமுக்கினால் சூடாகும். சென்னையில் மே மாத நண்பகல், வெளிக்காற்று 40 டிகிரி. டர்போ ஒரு பார் பூஸ்ட் கொடுக்கிறது, அதாவது காற்றின் அழுத்தத்தை இரண்டு மடங்காக்குகிறது. கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், டர்போவை விட்டு வெளியே வரும் காற்று ஏறக்குறைய 138 டிகிரி. அதை அப்படியே சிலிண்டருக்குள் விட்டால் பெட்ரோல் இன்ஜின் நாக் அடிக்கும், இசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், போட்ட பூஸ்ட் வீண். ஆகவே இன்டர்கூலர் வேண்டும், சந்தேகமில்லை. 70 சதவீதத் திறனுள்ள சாதாரண இன்டர்கூலர் அந்த 138-ஐ 69-க்கு இறக்கும். 85 சதவீதத் திறனுள்ள பெரிய, விலை கூடிய ஒன்று 55-க்கு இறக்கும். எத்தனை லட்சம் கொட்டினாலும் 40-க்குக் கீழே எந்தக் காற்று இன்டர்கூலராலும் இறக்க முடியாது. லண்டன் குளிரில் எடுத்த வீடியோவைப் பார்த்து ஆர்டர் போடுகிறவர்கள் மறந்துவிடும் சங்கதி இது.

சரி, 14 டிகிரி மிச்சம். அடர்த்தியில் அது எவ்வளவு? கெல்வினுக்கு மாற்றி வகுத்தால் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல். 150 குதிரைத்திறன் காரில் ஆறு குதிரை. டைமிங்கும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்த நாலு சதவீதம் இன்னும் கைக்கு வரவில்லை. நடுவில் அழுத்த இழப்பு என்று ஒருவன் நிற்கிறான்.

காற்று எந்தக் குழாயில் போனாலும் உரசும். இன்டர்கூலரின் உள்ளே இருக்கும் மெல்லிய ஃபின்கள் சூட்டைப் பிடுங்குவதே காற்றை உரசவைத்துத்தான். ஃபின் நெருக்கமாக இருந்தால் நன்றாகக் குளிரும், அழுத்தமும் நன்றாக விழும். அதோடு பம்பர் வரை போய்த் திரும்பும் பைப், நாலைந்து வளைவுகள், சிலிகான் ஹோஸ் இணைப்புகள். பழையதைவிட வெறும் 0.07 பார், அதாவது ஒரு பிஎஸ்ஐ கூடுதலாக இழந்தாலே மூன்றரை சதவீத அடர்த்தி போயிற்று. நாலு வந்தது, மூன்றரை போனது. நல்ல தயாரிப்பாளரின் பெரிய கோரில் இழப்பு பழையதைவிடக் குறையவும் கூடும், அதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் வாங்கியது எந்த ரகம்? பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் குதிரைத்திறன் எண் அதைச் சொல்லாது. கோருக்கு முன்னால் ஒரு துளை, பின்னால் ஒரு துளை, இரண்டிலும் அழுத்தத்தை அளந்தால்தான் தெரியும். கிட் மாட்டிய கேரேஜில் இந்த இரண்டு எண்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதிலாக ஒரு சிரிப்புதான் கிடைக்கும்.

அழுத்தத்தை எந்த இடத்திலிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே இன்டர்கூலர் இரண்டு வேறு முடிவுகளைத் தரும். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் ஹோஸ் டர்போவின் வாயிலிருந்தே போகிறது என்று வையுங்கள். அங்கே ஒரு பார் ஆனதும் வேஸ்ட்கேட் திறந்துவிடும். புது கோர் கூடுதலாக இழக்கும் அழுத்தமெல்லாம் இன்ஜினுக்கு நஷ்டம். இப்போது அதே ஹோஸை, அல்லது பூஸ்டைக் கட்டுப்படுத்தும் சென்சாரை, இன்டர்கூலரைத் தாண்டி மேனிஃபோல்டு பக்கம் மாற்றுங்கள். மேனிஃபோல்டில் ஒரு பார் வரும்வரை டர்போ விடாது. டேஷ்போர்டில் இருக்கும் பூஸ்ட் மீட்டர் ஒரு பார் காட்டும், ஓனருக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த ஒரு பாரைக் கொடுக்க டர்போ 1.07 பாருக்கு உழைக்கிறது. வெளியே வரும் காற்று இன்னும் ஐந்து டிகிரி சூடு, ஷாஃப்ட் இன்னும் வேகம், எக்ஸாஸ்ட் பக்கம் இன்னும் நெருக்கடி. இன்டர்கூலர் அதேதான், பூஸ்ட் மீட்டரில் எண்ணும் அதேதான். உள்ளே நடப்பது வேறு. இதைச் சாதாரண விஷயம் என்று ஒதுக்குகிறவர்களிடம் டர்போவின் பேரிங் விலையைக் கேட்டுச் சொல்லுங்கள்.

"டைனோவில் போட்டுக் காட்டுகிறோம், பாருங்கள்" என்பார்கள். அந்தக் காகிதத்தை நான் நம்புவதில்லை. ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன். 250 குதிரைத்திறன் தரும் ஒரு இன்ஜின் முழு மிதியில் நொடிக்கு ஏறக்குறைய 0.19 கிலோ காற்றை இழுக்கும். அதை 138-இலிருந்து 69-க்குக் குளிர்விக்கச் சுமார் 13 கிலோவாட் சூட்டை வெளியேற்ற வேண்டும். டைனோவில் ஒரு ஓட்டம் பத்து நொடி. மொத்தம் 130 கிலோஜூல். பார் அண்ட் பிளேட் வகைக் கோர் ஒன்று ஆறு கிலோ அலுமினியம் என்று வைத்தால், அதை ஒரு டிகிரி சூடாக்க 5.4 கிலோஜூல் வேண்டும். அதாவது வெளிக்காற்று அந்தக் கோரைத் தொடவே இல்லாவிட்டாலும், அந்த உலோகக் கட்டி பத்து நொடிச் சூட்டையும் தானே விழுங்கிக்கொண்டு வெறும் 24 டிகிரிதான் ஏறும். டைனோ காகிதம் காட்டுவது இன்டர்கூலரின் குளிர்விக்கும் திறனை அல்ல, அதன் எடையை. கனமான எந்த அலுமினியக் கட்டியும் அந்தத் தேர்வில் முதல் வகுப்பில் தேறும்.

விழுங்கிய சூட்டை அந்தக் கட்டி எங்கே கக்கும்? ரோட்டில்தான், அதுவும் நம் ரோட்டில். ராஜீவ் காந்தி சாலையில் சோழிங்கநல்லூர் சிக்னலில் மாலை ஆறரைக்கு நில்லுங்கள். ஏசி ஓடுகிறது, ஓடாமல் யாரும் இருக்கப்போவதில்லை. ஃப்ரன்ட் மவுண்டுக்கு நேர் பின்னால் ஏசி கண்டென்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். தடித்த புது கோர் முன்னால் சுவர் எழுப்பியதுபோல் நிற்பதால் ரேடியேட்டர் ஃபேன் இழுக்கும் காற்று குறைகிறது. முன்னால் நிற்கும் பஸ்ஸின் சூடும் தார்ச் சூடும் சேர்ந்து கோர் மெல்ல வேகிறது. பச்சை விழுந்து நீங்கள் மிதிக்கும்போது அந்த ஆறு கிலோ அலுமினியம் முதல் சில நொடிகளுக்குக் காற்றைக் குளிர்விக்காது, சில நேரம் சூடாக்கவே செய்யும். டியூப் அண்ட் ஃபின் வகையில் வந்த பழைய இலேசான கோர் வேகமாகச் சூடேறினாலும் வேகமாக ஆறியும்விடும். கம்பெனி அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் கஞ்சத்தனம் மட்டுமே காரணமல்ல. பின்னால் நிற்கும் கண்டென்சரும் மூச்சுவிட வேண்டும்.

என் பக்கத்து ஆட்களும் ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், அதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பெரிய இன்டர்கூலர் போட்டால் பயங்கரமாக லேக், அதாவது பூஸ்ட் தாமதம், வரும் என்பது அது. கூடுதல் பைப்பும் கோரும் சேர்த்து எட்டு லிட்டர் என்று வையுங்கள். இரண்டு லிட்டர் இன்ஜின் 3,000 சுற்றில் நொடிக்கு 50 லிட்டர் விழுங்குகிறது. அந்தக் கூடுதல் இடத்தை ஒரு பார் ஏற்றி நிரப்ப நொடியில் ஆறில் ஒரு பங்கு போதும். உணரலாம், உயிர் போகாது. இன்டர்கூலரை எதிர்க்க வேண்டிய இடம் இது இல்லை.

இப்போது சுபாரு. நம் ஊரில் விற்காத கார்தான், ஆனாலும் இந்தத் தலைப்பில் நம் பிள்ளைகள் பார்க்கும் வீடியோக்களில் பாதி இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், எஸ்டிஐ பற்றியவை. அதில் இன்டர்கூலர் இன்ஜினின் தலைக்கு மேலே படுத்திருக்கும், பானெட்டில் காற்று வாங்க ஒரு மூக்கு. பழைய ஃபார்ச்சூனர் 3.0 டீசலின் பானெட்டில் பார்த்திருப்பீர்களே, அதே ஏற்பாடுதான். இன்ஜின் சூடும் டர்போ சூடும் கீழிருந்து ஏறுவதால் டிராஃபிக்கில் அது வேகும், அந்தக் குறை உண்மை. உடனே ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் ஆயிரக்கணக்கானோர் ஃப்ரன்ட் மவுண்டுக்கு மாறினார்கள். மாறிய பிறகு போனில் ஓபிடி ஆப்பைத் திறந்து, "இன்டேக் டெம்பரேச்சர் 35 டிகிரிதான், பார்" என்று காட்டுவார்கள்.

அந்த 35 எங்கே அளந்தது? இந்தக் கார்களில் கம்பெனியின் காற்று வெப்பநிலை சென்சார் காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சாரோடு ஒரே உறையில் இருக்கிறது, ஏர் ஃபில்டரைத் தாண்டியதும். டர்போவுக்கு முன்னால்! இன்டர்கூலருக்கு வெகு முன்னால். மிட்சுபிஷி எவோவிலும் இதே கதைதான். இன்டர்கூலரை நீங்கள் மேலே மாட்டினாலும் முன்னால் மாட்டினாலும், மாட்டவே இல்லாவிட்டாலும் அந்த எண் மாறாது. அது ஏர் ஃபில்டர் பெட்டியின் சூடு. இன்டர்கூலர் வேலை செய்கிறதா என்று அந்த எண்ணைப் பார்த்து மெச்சிக்கொள்வது, காய்ச்சல்காரனை விட்டுவிட்டு வாசல் திண்ணையைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. சில கிட்களில் புது பைப்புக்கு இடம் விட ஏர்பாக்ஸையும் எடுத்துவிடுவார்கள், மாஃப் சென்சார் வேறு விட்டமுள்ள குழாய்க்குள் போகும். குழாயின் விட்டம் மாறினால் காற்றின் வேகம் மாறும், சென்சார் சொல்லும் எடை தப்பாகும், அதை நம்பி இசியு ஊற்றும் பெட்ரோலும் தப்பாகும். குளிர்ந்த காற்றுக்கு ஆசைப்பட்டவர் காற்றின் எடையையே தொலைத்துவிட்டு நிற்பார்.

உண்மை தெரிய வேண்டுமானால் இன்டர்கூலரைத் தாண்டிய இடத்தில் தனியாக ஒரு சென்சார் வேண்டும். மாஃபைத் தூக்கி எறிந்துவிட்டு அழுத்தம், வெப்பநிலை இரண்டை வைத்துக் காற்றின் எடையைக் கணிக்கும் ஸ்பீட் டென்சிட்டி முறைக்குப் போகிறவர்களுக்கு அது கட்டாயமே. அங்கேதான் "கிடைத்த இடத்தில் ஓட்டை" தத்துவம் குடியைக் கெடுக்கிறது.

அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டில் மரை போட்டுத் திருகினால் வேலை சுலபம், இடமும் கையெட்டும் தூரம். ஆனால் அந்த மேனிஃபோல்டு ஓடும் இன்ஜினின் சூட்டில் கிடக்கிறது. பெட்ரோல் பங்கில் பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினால், உலோகத்தின் சூடு மரை வழியே ஏறிச் சென்சாரின் உடம்பைச் சுடவைக்கும். காற்று நிஜத்தில் 50 டிகிரி, சென்சார் 70 என்கிறது. காற்று இலேசானது என்று நம்பி இசியு ஆறு சதவீதம் பெட்ரோலைக் குறைத்து ஊற்றும், டைமிங்கையும் இழுத்துக்கொள்ளும். வண்டி சோம்பேறியாகிறது. ஓனர் என்ன நினைப்பார்? இன்டர்கூலர் பத்தவில்லை, இன்னும் பெரிசு வேண்டும்! சென்சாரின் இருப்பிடம் செய்த குற்றத்துக்கு இன்டர்கூலர் தண்டனை வாங்குகிறது. சென்சாரை இன்டர்கூலரின் வெளிவாய்க்கும் த்ராட்டிலுக்கும் நடுவே, இன்ஜினைத் தொடாத பைப்பில், முடிந்தால் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பகுதிக்கு அருகில் வைத்தால் இந்த மாயை பெரிதும் போய்விடும். மெதுவாக ஓடும்போது மேனிஃபோல்டில் காற்று உண்மையிலேயே கொஞ்சம் சூடாகும் என்பதும் சரிதான். அதற்காகத்தான் ஜெனரல் மோட்டார்ஸ் இசியுக்களில் காற்றின் சூட்டையும் கூலன்ட் சூட்டையும் காற்றோட்டத்துக்கு ஏற்றபடி கலந்து கணிக்கும் அட்டவணை இருக்கிறது. கலக்க வேண்டியது கணக்கில், உலோகத்தில் அல்ல.

இடம் சரியாக அமைந்தாலும் ஆழம் தப்பலாம். ஆர்கன் வெல்டிங் அடித்த பைப் ஒன்றை மேஜையில் வைத்து உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். சென்சார் திருக வைத்த மரை வளையம் உயரமாக இருக்கும், சென்சாரின் மூக்கு அந்த வளையத்தின் கிணற்றுக்குள்ளேயே நின்றுவிடும். பைப்பின் உள்சுவரோடு சமமாக, ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே நீட்டாமல். காற்று அதைத் தொடாமல் மேலோடு போய்விடுகிறது, சென்சார் தேங்கிய காற்றையும் வெல்டிங் போட்ட உலோகத்தையும் அளந்துகொண்டிருக்கிறது. மூக்கு ஓட்டத்துக்குள் நன்றாக நீட்டி நிற்க வேண்டும், பைப் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே. வெர்னியரை வைத்து வளையத்தின் உயரத்தையும் மூக்கின் நீளத்தையும் அளக்க ஒரு நிமிடம் ஆகாது. வெல்டிங் சூட்டில் மரை நெளியும், பிறகு ஒருமுறை டாப் ஓட்ட வேண்டும். இதையெல்லாம் பைப்பைக் கழற்றி வைத்துச் செய்ய வேண்டும். காரிலேயே வைத்து டிரில் போட்டால் அலுமினியச் சுருள் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

சென்சார் எந்த வகை என்பதும் முக்கியம். பித்தளைத் தொப்பி மூடிய வகை கூலன்ட்டுக்குச் செய்தது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும், விலையும் குறைவு, அதனால் அதையே காற்றுக்கும் மாட்டிவிடுகிறார்கள். தொப்பியின் உலோகம் சூடாகி உள்ளே வெப்பத்தை உணரும் மணிக்குச் செய்தி போவதற்குள், மூன்றாம் கியரில் ஐந்தாறு நொடி முழு மிதி முடிந்துபோகும். உச்சச் சூட்டை அது பார்க்கவே பார்க்காது. கூண்டு போட்ட திறந்த மூக்குள்ள வகைதான் காற்றுக்கு. அதிலும் பாஷ் சென்சார் 20 டிகிரியில் 2,500 ஓம், 60 டிகிரியில் 600 ஓம் அளவுக்கு இறங்கும். ஜெனரல் மோட்டார்ஸ் வகை அதே 20 டிகிரியில் 3,500 ஓமை ஒட்டி நிற்கும். ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் போட்டுவிட்டு இசியு அட்டவணையை மாற்றாமல் விட்டால், எல்லா எண்ணும் நம்பும்படியாக இருக்கும், எல்லாமே தப்பாக இருக்கும். ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு தெர்மாமீட்டர், ஒரு மல்டிமீட்டர் போதும் சோதிக்க. கிரவுண்டு ஒயரை பாடியில் போல்ட் அடிக்காமல் இசியுவின் சென்சார் கிரவுண்டுக்கே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் ஃபேன் ஓடும்போதெல்லாம் வெப்பநிலை ஆடும். தண்ணீர் மெத்தனால் ஸ்ப்ரே வைத்திருப்பவர்கள் நாசிலுக்குப் பின்னால் சென்சாரை வைக்கக் கூடாது. ஈரம் பட்ட மூக்கு பொய்க் குளிரைக் காட்டும், அதை நம்பி டைமிங் முன்னே போகும், நாக் வரும்.

மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்கும் சட்டம் உண்டு. துளை காற்றோட்டத்துக்குச் செங்குத்தாக, உள்பக்கம் பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு சிலிண்டரின் தனிக் குழாயில் எடுத்தால் அந்த வால்வின் துடிப்புதான் தெரியும், எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான பிளீனத்தில் எடுக்க வேண்டும். ஹோஸ் குட்டையாக இருக்க வேண்டும், சென்சார் துளைக்கு மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய்க் கசடும் ஈரமும் வடிந்து அதன் வாயில் சேரும். பூஸ்டை ஏற்றியவர் சென்சாரின் எல்லையையும் பார்த்திருக்க வேண்டும். 2.5 பார் சென்சார் என்றால் வளிமண்டலம் போக 1.5 பார் பூஸ்டோடு அதன் கண் மூடிவிடும். அதற்கு மேல் எவ்வளவு போனாலும் இசியுவுக்கு அது 1.5 தான்.

"இசியு தானே கற்றுக்கொள்ளும்" என்கிற சமாதானம் ஒன்று பாக்கி. ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இசியு பெட்ரோலைத் திருத்திக்கொள்கிறது, சரி. பழைய நேரோபேண்டு சென்சார் உள்ள கார்களில் அந்தத் திருத்தம் அரை மிதிவரைதான். முழு மிதியில் அட்டவணைதான் ராஜா. வைட்பேண்டு வந்த புதிய கார்களிலும் அது எரிந்து முடிந்த புகையைப் பார்த்துத்தான் பேசுகிறது. டைமிங்கை அது திருத்தாது. நாக் சென்சார் திருத்தும், நாக் அடித்த பிறகு. இன்ஜினுக்கு முதல் அடியை விழவிட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாட்டைக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது: பவர் சிப் என்ற பெயரில் வெப்பநிலை சென்சாரின் பிளக்கில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி, காற்று எப்போதும் குளிராக இருக்கிறது என்று இசியுவை ஏமாற்றும் கூட்டம். சென்சாரை வேண்டுமென்றே குளிர்ந்த மூலையில் ஒளித்துவைப்பதும் இதே வகை. இதை ட்யூனிங் என்பவர்களிடம் வாதம் செய்ய ஒன்றுமில்லை.

"ரேஸ் காரில் பெரிசுதானே வைக்கிறார்கள்?" வைக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் சுற்றில் சிக்னல் கிடையாது, ஏசி கிடையாது. மணிக்கு நூற்றுக்கு மேல் காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறது, சுற்றுக்குச் சுற்று சூடு வெளியேற வேண்டியிருக்கிறது. அங்கே அது நியாயம். அந்த அணிகள் வெப்பத்தையும் அழுத்தத்தையும் சுற்றுக்குச் சுற்று பதிந்து பார்ப்பவை என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. அவர்களிடமிருந்து நம்மவர்கள் இன்டர்கூலரை மட்டும் கடன் வாங்குகிறார்கள், லாகரை விட்டுவிடுகிறார்கள்.

கார் கம்பெனிகள் போன திசையையும் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் 1.4 டிஎஸ்ஐ இன்ஜினின் 122 குதிரைத்திறன் வடிவம், நம் ஊர் ஜெட்டாவிலும் வந்தது, இன்டர்கூலரை பம்பரிலிருந்து எடுத்து இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே வைத்துத் தண்ணீரால் குளிர்வித்தது. பின்னால் வந்த ஈஏ211 குடும்பமும் அதே வழி. பிஎம்டபிள்யூ 2014-இல் எம்3, எம்4 கார்களின் எஸ்55 இன்ஜினில் தண்ணீர் இன்டர்கூலரை இன்ஜினின் தலையிலேயே வைத்தது. கோரின் அகலம் இவர்களுக்குப் பெருமை இல்லை, காற்றுப் பாதை குட்டையாக வேண்டும். அந்த 1.4 டிஎஸ்ஐயில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: இன்டர்கூலருக்கு முன்னால் அழுத்தமும் வெப்பமும் அளக்க ஒரு சென்சார், பின்னால் அதே இரண்டையும் அளக்க இன்னொரு சென்சார். தண்ணீர் பம்பை எப்போது ஓட்டுவது என்று இசியு முடிவெடுக்கும் காரணங்களில் இந்த இரண்டு வெப்பநிலைகளின் வித்தியாசமும் ஒன்று. காசு மிச்சம் பிடிக்கிறான் என்று நாம் திட்டும் கம்பெனி, ஒரு குடும்பக் காரின் இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் காவல் வைத்திருக்கிறது. ரீமேப் அடித்து பூஸ்டை ஏற்றும் நம் கேரேஜ் ஒன்றுகூட வைப்பதில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலில் இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் அழுத்தமும் வெப்பமும் அளக்கும் சென்சார்களைச் சரியான இடத்தில், சரியான ஆழத்தில் வையுங்கள். கிட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இது சிறு பங்குதான். தினமும் போகும் ரோட்டில், தினமும் போகும் நேரத்தில், ஏசி போட்டபடி ஓட்டி லாக் எடுங்கள். அடுத்து பம்பரைக் கழற்றிப் பாருங்கள். ஒருமுறை இடித்துப் பெயின்ட் அடித்துத் திரும்பிய கார்களில் இன்டர்கூலருக்குக் காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் தடுப்பைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். ஃபின்கள் கல்லடி பட்டு மடிந்திருக்கும், உள்ளே எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும், ஹோஸ் கிளாம்ப் ஒன்று தளர்ந்து பூஸ்ட் கசியும். இவற்றைச் சரிசெய்து மறுபடி லாக் எடுங்கள். அடுத்தடுத்து மூன்று முறை மிதித்த பிறகும் இன்டர்கூலரைத் தாண்டிய காற்று வெளிக்காற்றைவிட 30 டிகிரிக்கு மேல் ஏறி நின்றால், அப்போது பெரிய இன்டர்கூலர் வாங்குங்கள், நானும் தடுக்கமாட்டேன்.

வாங்கும்போது கேரேஜ்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். மாட்டுவதற்கு முன்பும் பின்பும் ஒரே ரோட்டில் எடுத்த லாகை அருகருகே வைத்துக் காட்டுவீர்களா? என் சென்சார் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் உட்காரப்போகிறது? இரண்டுக்கும் பதில் வராத இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.